டயரியில் வராத சமாசாரம்

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பில் குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் சாயங்காலம் கேட்கிற பேச்சு இதுதான். காலையிலிருந்து ஆறேழு மணி நேரம் அந்தக் குழந்தை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்துவிட்டு வருகிறது. அங்கே சிரித்திருக்கும், அழுதிருக்கும், யாருடனோ காய் விட்டிருக்கும், புதிதாக ஒரு எழுத்துப் படித்திருக்கும். நமக்கு வந்து சேர்வது இந்த ஒரு வார்த்தைதான். பையை மூலையில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடும்.

நானும் ரொம்ப நாள் இந்த "ஒண்ணுமில்ல"யை நம்பிக்கொண்டு இருந்தவள்தான். அதனால் கஷ்டப்பட்டது என் மூத்த பெண்.

2012 ஜூனில் அவளை ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். நல்ல பெயர் உள்ள பள்ளிக்கூடம். யூனிபாரம், டை, ஷூ, வேன் எல்லாம் உண்டு. தாய்மார்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்ள வேண்டும். உள்ளே நடப்பது நமக்குத் தெரிய ஒரு டயரி கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நான் தமிழில் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் பாதி புரியும், பாதி புரியாது. என் வீட்டுக்காரர் ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். "என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டால், "பிரவுன் அட்டை போடச் சொல்லியிருக்காங்க, நகம் வெட்டச் சொல்லியிருக்காங்க" என்பார். சரி, வேறு விசேஷம் இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜூலை மாதம் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வருகிறது. "ஏண்டி குடிக்கலை?" என்று கேட்டால், "தாகமே எடுக்கலை" என்பாள். மாமியாரிடம் சொன்னேன். "வெயில் காலம் போயிடுச்சு, குடிக்காட்டி என்ன?" என்றார்கள். வேனை விட்டு இறங்கினதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். அதையும் பார்த்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆகஸ்டில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே அந்தப் பழக்கத்தை விட்ட குழந்தை. நாலாவது நாள் எனக்குக் கோபம் வந்து முதுகில் ஒரு அடி வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் கை கூசுகிறது. அடுத்த இரண்டு நாளில் குளிரோடு ஜுரம், அடிவயிற்றில் வலி. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையிடம் குனிந்து, "ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போவியாம்மா?" என்று கேட்டார்கள். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

சிறுநீர் டெஸ்டில் கிருமி இருந்தது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை. தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கி வைத்தால் கிருமி தங்கிப் பெருகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். பகலெல்லாம் அடக்குகிற குழந்தை ராத்திரி தூக்கத்தில் நனைப்பது அதன் குற்றம் இல்லை என்றும் சொன்னார்கள். அப்போது நான் நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவளை மடியில் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. பள்ளி திறந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பாத்ரூம் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு திறக்கவில்லையாம். உள்ளேயே மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறாள். ஆயா வந்து கதவை உதைத்துத் திறந்திருக்கிறார். "இனிமே தாழ்ப்பாள் போடாதே" என்று ஒரு அதட்டல் வேறு. தாழ்ப்பாள் போட்டால் மாட்டிக்கொள்வோம், போடாவிட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள். ஐந்து வயது மூளை யோசித்துக் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது!

மறுநாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பு டீச்சர் சின்னப் பெண். நாற்பத்தைந்துக்கு மேல் குழந்தைகள் அந்த அறையில். "ஆமாம்மா, அன்னிக்கு அழுதா. நான்தான் முகம் கழுவிவிட்டேன். தாழ்ப்பாளை மறுநாளே சரி பண்ணிட்டாங்க. சின்ன விஷயம்னு டயரில எழுதலை" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முகம் கழுவிவிட்டிருக்கிறாளே! பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம்தான். அந்த வாரத்து டயரியைப் புரட்டிப் பார்த்தேன். லேபிள் ஒட்டச் சொல்லியிருந்தது. என் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2022 ஜூனில், என் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். கொரோனாவில் கடை படுத்துவிட்டது. ஃபீஸ் கட்ட வழியில்லாமல், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குறையாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

முதல் வாரமே அந்த டீச்சர் தாய்மார்களை வகுப்புக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐம்பது வயது இருக்கும். "எழுத்து, கணக்கு எல்லாம் நான் பாத்துக்கிறேம்மா. உங்க பிள்ளை இங்க எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும். வீட்டுல எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். அதுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுங்க" என்றார். பிறகு எழுந்து, குழந்தைகள் கை கழுவுகிற குழாய், தட்டு வைக்கிற இடம், பாத்ரூம் எல்லாம் காட்டினார். மற்றவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பாத்ரூம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். டீச்சர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். "இதை முதல் பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றார்.

இருபத்திரண்டு குழந்தைகள். ஒரு நாளைக்கு நாலைந்து நோட்டு. வாரத்தில் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வரி, மூன்று வரி வந்துவிடும். எங்களுக்கு வியாழக்கிழமை. தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு வாரம், "ட எழுத்தைத் திருப்பிப் போடுகிறான். இந்த வயதில் இது சகஜம், திட்ட வேண்டாம். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள்" என்று வந்தது. இன்னொரு வாரம், "ரப்பர் தொலைந்து அழுதான். பக்கத்துப் பையன் தன் ரப்பரைப் பாதி ஒடித்துக் கொடுத்தான். இப்போது இருவரும் சேர்ந்துதான் சாப்பிட உட்காருகிறார்கள்." முதல் மாதம் நாலு வாரமும் கடைசியில் ஒரு சின்ன வரி: "பாத்ரூம் போகிறான்."

இதன் முழுப் பலன் என்னவென்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. நோட்டில் வரும் சேதியைவிட, அதை வைத்துக்கொண்டு குழந்தையிடம் பேச்சுக் கொடுக்க முடிகிறதே, அதுதான் பெரிய லாபம். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல"தான். "ரப்பரை ஒடிச்சது யாரு, பெரிய துண்டு யாருக்குக் கிடைச்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் தோசை ஊற்றி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று பேசினான். யார் ஒடித்தது, எப்படி ஒடித்தது, வாயால் கடித்ததா கையால் பிய்த்ததா, அந்தப் பையன் வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டது என்பது வரை வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு முழு நாளை ஞாபகத்தில் கோத்துச் சொல்லத் தெரியாது. ஒரு நுனியை நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நோட்டுக் கொடுக்கிற பள்ளி இல்லையென்றாலும், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இன்று யார் அழுதார்கள், டீச்சர் என்ன கலர் புடவை என்று கேட்டால் ஏதாவது நூல் கையில் சிக்கும்.

வகுப்பில் என்ன முறையில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதும் வீட்டுக்குத் தெரிய வேண்டியதுதான். தெரியாவிட்டால் வீண் கலவரம். அந்த ஜூனில்தான் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆரம்பித்தது. கொரோனாவில் இழந்ததை ஈடுகட்டவும், எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் வந்தது. குழந்தைக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். பாட்டுக்கு ஒரு மூலை, கதைக்கு ஒரு மூலை, பொம்மலாட்டத்துக்கு ஒரு மூலை. எங்கள் தெருவில் ஒரு பெண், பையன் மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இவனை அரும்புல போட்டுட்டாங்களாம். ஒண்ணாங் கிளாஸ் பாடமாம். ஃபெயிலாக்கிட்டாங்க அக்கா!" என்றாள். பையனை அடித்திருக்கிறாள் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இந்தப் பையன் ஒன்றாம் வகுப்பு வருஷம் முழுக்க வீட்டில். இரண்டாம் வகுப்பில் 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. "இவன் ஒண்ணாங் கிளாஸ்ல உக்காந்ததே கிடையாதும்மா. அப்புறம் அரும்புலேருந்துதானே வரணும்? கீழ இறக்கலை, விட்டுப்போன படியில கால் வைக்கச் சொல்றோம்" என்றார். அவள் முகம் தெளிந்தது. பொங்கலுக்குள் பையன் மொட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் இந்த நாலு வார்த்தையை முதல் நாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்க வேண்டாம்.

வீட்டுப்பாடத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசும் அப்படியே சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் உண்டு. ரொம்ப நல்லது. ஆனால் பல வீடுகளில், வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த வீட்டுப்பாட நோட்டுதான். அது போனதும் "ஒண்ணுமே சொல்லிக் குடுக்கறதில்லை" என்று பேச்சுக் கிளம்பிவிடுகிறது. வீட்டுப்பாடத்தை எடுத்த இடத்தில் இரண்டு வரிச் சேதியை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

டீச்சர்கள் தயவு பண்ணினால்தான் உண்டு என்றும் இல்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவில், ஆசிரியரின் கடமைகளிலேயே இதைச் சொல்கிறது. பெற்றோரை ஒழுங்காகக் கூட்டிப் பேச வேண்டும். பிள்ளை சரியாக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எந்த அளவு முன்னேறியிருக்கிறது, வேறு தெரிய வேண்டியது என்ன என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அதே சட்டப்படி அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிக்கு அந்தக் குழு கட்டாயம் இல்லை. கூட்டம் என்று சொன்னால், "அவருக்கு வேலை இருக்கு, எனக்கு அடுப்பு இருக்கு" என்று நாமே நழுவிவிடுகிறோம். நானும் நழுவியவள்தான்.

நோட்டில் வலது பக்கம் எங்களுக்கு. ஆரம்பத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "நன்றி" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் என் மாமியார் தவறிவிட்டார்கள். பையனைத் தினமும் கையைப் பிடித்துப் பள்ளியில் விட்டது அவர்கள்தான். காரியம் முடிந்து அவனை அனுப்பும்போது, பேனாவை எடுத்து, "பாட்டி போய்விட்டார்கள். இவன் இன்னும் அழவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறான்" என்று எழுதினேன். வியாழக்கிழமை வரை டீச்சர் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே பதில் வந்தது. "இன்று நடத்த வேண்டியது பாட்டி கதை. வேறு கதை சொன்னேன். இடைவேளையில் கேட் பக்கம் போய் நின்றான். நானும் கூட நின்றேன். மதியம் சாப்பிட்டான்." அடுத்த வாரம் இன்னொரு வரி. "இன்று அழுதான். என் புடவையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதான். இனி வீட்டிலும் அழுவான், விடுங்கள்." அன்று ராத்திரி நானும் அவனும் திண்ணையில் உட்கார்ந்து அழுதோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். அந்த வகுப்பிலேயே ஒரு குழந்தையை வளர்த்தது ஆயாதான். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். அந்த ஆயாவுக்கு எழுத்து தெரியாது. டீச்சர் நோட்டில் ஒரு பூ வரைந்து அனுப்பினால் எல்லாம் சௌக்கியம். குடை வரைந்திருந்தால் நாளைக்கு வந்து பார்க்கணும். அந்த அம்மாள் குடை நோட்டோடு கேட்டில் வந்து நிற்பதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

போன் இருக்கிறதே, நோட்டு எதற்கு என்று என் தங்கை கேட்டாள். அவள் சென்னையில் இருக்கிறாள், பெண் ஒன்றாம் வகுப்பு. பள்ளியிலிருந்து போனுக்குத் தினம் போட்டோ வருகிறது. மஞ்சள் நிற நாள், பழ நாள், ஆளுக்கு ஒரு வாழைப்பழத்தோடு வரிசையாக முப்பது குழந்தைகள். தன் பெண் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறாள் என்று இவளுக்கும் பூரிப்பு. போன தடவை போனபோது அந்தப் பெண் என்னிடம், "பெரியம்மா, என் பெஸ்ட் ஃபிரண்டு என்னோட பேசி ரொம்ப நாளாச்சு" என்றது. தங்கைக்கு அது தெரியாது. போட்டோவில் இருவரும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்!

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வகுப்புக்கும் உண்டு. நாளைக்கு லீவு, சனிக்கிழமை தடுப்பூசி என்று சொல்ல அதைப்போல வசதி கிடையாது. ஆனால் "இன்னார் இன்னார் பிள்ளைகள் பாடம் முடிக்கவில்லை" என்று பெயர் போட்டு நூறு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவது தப்பு. வேறு ஒரு பள்ளியில் அப்படி நடந்து, ஒரு தாய் போனையே அணைத்து வைத்துவிட்டாள். குறையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். நம் பக்கமும் குற்றம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு டீச்சருக்குப் போன் போட்டு, "என் பிள்ளை ஏன் மூணாவது வரிசை?" என்று கேட்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்கள்தானே. வாரத்துக்கு மூன்று வரி என்பதால்தான் அந்த டீச்சரால் வருஷம் முழுக்க எழுத முடிந்தது. தினமும் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் எந்த மனுஷியாலும் ஆகாது.

பையன் இரண்டாம் வகுப்புக்குப் போனபோதும் அதே டீச்சர்தான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. முதல் வாரமே நோட்டில், "உப்புமா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்" என்று இருந்தது. வீட்டில் உப்புமா என்றால் வாசலுக்கு ஓடுகிறவன்! சண்டைக்கே போய்விட்டேன் அவனோடு. "அங்க எல்லாரும் சேந்து சாப்பிடறோம்மா" என்றான்.

அந்த டீச்சர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்கள். அடுத்த வகுப்பில் நோட்டு வழக்கம் இல்லை. புது சாருக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஒரு மாதம் சும்மா இருந்து பார்த்தேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அட்டை போட்டு, இடது பக்கத்தைக் காலியாக விட்டு, வலது பக்கத்தில், "சார், இவன் இப்போது கழித்தலில் கடன் வாங்கப் பயப்படுகிறான். வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வகுப்பில் எப்படி இருக்கிறான்?" என்று எழுதிப் பையில் வைத்தேன். இரண்டு நாள் நோட்டு அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் இடது பக்கத்தில், அவசரக் கையெழுத்தில் இரண்டு வரி: "பின் பெஞ்சில் இருந்தான். போர்டு தெரியவில்லை என்கிறான். முன்னால் மாற்றியிருக்கிறேன், கண்ணைக் காட்டவும்."

சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி போட்டிருக்கிறான்.